சாதாரணக் குடிமக்கள் நாடாளுமன்றத்தில் சட்டம் முன்மொழிவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மக்கள் தாங்களே ஒரு மசோதாவை எழுதி, கையெழுத்துச் சேர்த்து, நாடாளுமன்றத்தில் கொண்டுபோய் வைக்கும் முறை பல நாடுகளில் இருக்கிறது. குடிமக்கள் முன்முயற்சி என்று அதைச் சொல்கிறார்கள். இதைப் பற்றி எங்கே பேசினாலும் திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள் வருகின்றன. கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைச் சேர்த்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பிறகு.

எம்.பி. ஆகாத ஒருத்தர் சட்டம் கொண்டுவர முடியுமா என்ன?

முன்மொழிய முடியும். பின்லாந்து, இத்தாலி, ஸ்பெயின், போலந்து, ஆஸ்திரியா, லாத்வியா, பிரேசில் போன்ற நாடுகளில் அரசமைப்புச் சட்டமே இந்த உரிமையைத் தருகிறது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் வாக்காளர்கள் கையெழுத்திட்டால், அவர்களுடைய மசோதாவை நாடாளுமன்றம் பரிசீலனைக்கு எடுக்க வேண்டும். குழு ஆய்வு, விவாதம், ஓட்டெடுப்பு எல்லாம் மற்ற மசோதாக்களுக்கு நடப்பதுபோலத்தான்.

நிறைவேற்றும் அதிகாரம் மட்டும் கடைசிவரை உறுப்பினர்களிடமே இருக்கிறது. கதவைத் தட்டித் திறக்க வைப்பது மக்கள், உள்ளே முடிவெடுப்பது மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள். இது மனதில் பதிந்துவிட்டால் கீழே வரும் சந்தேகங்களில் பாதி தீர்ந்துவிடும்.

மனு கொடுக்கிறதும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லை. மனுவில் ஒரு கோரிக்கை இருக்கும். அதைப் படித்துப் பதில் சொல்வதோடு மறுபக்கத்தின் கடமை முடிந்துவிடலாம். பிரிட்டன் நாடாளுமன்றத்தின் இணைய மனுவில் 10,000 கையெழுத்து சேர்ந்தால் அரசு பதில் தரும், 1,00,000 சேர்ந்தால் விவாதிக்கலாமா என்று பார்ப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் முடிவைக் கைவிடச் சொல்லி 2019-ல் போடப்பட்ட மனுவில் 60 லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். விவாதம் நடந்தது, அரசு மறுத்தது, அத்துடன் முடிந்தது. அத்தனை லட்சம் பேர் சேர்ந்தும் அவையில் ஓட்டுக்கு விடப்பட ஒரு மசோதா உருவாகவில்லை.

இரண்டுக்கும் நடுவிலும் சில முறைகள் உண்டு. தென்கொரியாவில் 30 நாட்களுக்குள் 50,000 பேர் ஆதரித்த மனு நாடாளுமன்றத்தின் நிலைக்குழுவுக்குப் போய்விடும். ஆகவே பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ‘கையெழுத்து சேர்ந்த பிறகு நாடாளுமன்றம் கட்டாயம் செய்ய வேண்டியது என்ன?’ என்ற ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அந்த முறையின் உண்மையான பலம் அதில் தெரிந்துவிடும்.

சுவிட்சர்லாந்துல மக்களே ஓட்டுப் போட்டு சட்டம் போடுறாங்களே, அதுவா இது?

உறவு உண்டு, ஆனால் அது வேறு. சுவிட்சர்லாந்தில் 18 மாதத்தில் 1,00,000 வாக்காளர்களின் கையெழுத்து சேர்ந்தால், முன்மொழிவு நாட்டு மக்கள் அனைவரின் ஓட்டுக்குப் போகிறது. நாடாளுமன்றம் தன் கருத்தைச் சொல்லலாம், மாற்று யோசனை ஒன்றை எதிரில் வைக்கலாம். பிடிக்கவில்லை என்பதற்காகத் தடுக்க முடியாது. ஜெயிக்க வேண்டுமானால் மொத்த ஓட்டில் பெரும்பான்மையும் வேண்டும், கான்டன் எனப்படும் மாநிலங்களில் பெரும்பான்மையும் வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. தேசிய அளவில் இப்படி முன்மொழியக் கூடியது அரசமைப்புச் சட்டத் திருத்தத்தை மட்டுமே, சாதாரணச் சட்டத்தை அல்ல.

லாத்வியா இரண்டு வழியையும் இணைத்திருக்கிறது. வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கினர் முழுமையான மசோதாவைக் கொடுத்தால், நாடாளுமன்றம் அதை அப்படியே ஏற்க வேண்டும். சாரத்தை மாற்றினாலோ மறுத்தாலோ, மக்கள் ஓட்டுக்கு விட்டாக வேண்டும்.

எத்தனை கையெழுத்து வேணும்?

நாட்டுக்கு நாடு மிகவும் மாறும். பின்லாந்தில் 6 மாதத்தில் 50,000. போலந்தில் 3 மாதத்தில் 1,00,000. ஆஸ்திரியாவிலும் 1,00,000. ஸ்பெயினில் 9 மாதத்தில் 5,00,000. பிரேசிலில் நாட்டு வாக்காளர்களில் 1 சதவீதம் பேர், அதுவும் குறைந்தது 5 மாநிலங்களில் பரவி, ஒவ்வொன்றிலும் 0.3 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பிலிப்பைன்ஸ் சட்டம் 10 சதவீதம் கேட்கிறது. அவ்வளவு உயரத்தில் கதவை வைத்தால் அது இருந்தும் இல்லாதது போலத்தான்.

எண்ணை மட்டும் பார்த்தால் தப்புக் கணக்காகிவிடும். இத்தாலியிலும் 50,000, பின்லாந்திலும் 50,000. ஆனால் இத்தாலியின் மக்கள்தொகை ஏறக்குறைய 6 கோடி, பின்லாந்தினுடையது 60 லட்சத்துக்கும் குறைவு. அப்படியானால் இத்தாலியில் பத்து மடங்கு சுலபம் என்று தோன்றும். சேர்ப்பதற்கு அங்கே சுலபம்தான். சேர்த்த பிறகு என்ன ஆனது என்பதைக் கிடப்பில் போடுவது பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

கையெழுத்து சேர்ந்துட்டா சட்டம் ஆன மாதிரிதானே?

ரொம்பப் பேர் இந்த நம்பிக்கையில்தான் இறங்குகிறார்கள். எண்ணிக்கையைத் தொட்ட அன்று கொண்டாடிவிட்டு, அடுத்த வருடம் மனம் உடைந்து போகிறார்கள். கையெழுத்து வாங்கித் தருவது உள்ளே நுழையும் உரிமையை மட்டும். பின்லாந்தில் இந்த முறை 2012-ல் வந்தது. முதலில் நாடாளுமன்றம் போனது, ரோமத்துக்காக விலங்குகளை வளர்க்கும் பண்ணைகளைத் தடை செய்யச் சொன்ன முன்முயற்சி. 2013-ல் அது தோற்றது.

அதே நாட்டில் ஜெயித்த கதையையும் கேளுங்கள். ஒரே பாலினத்தவர் திருமணத்தை அனுமதிக்கும் மசோதாவை உறுப்பினர்கள் சிலர் முதலில் கொண்டுவந்தார்கள், 2013 தொடக்கத்தில் அது குழுவிலேயே முடங்கியது. உடனே குடிமக்கள் அதைக் கையில் எடுத்தார்கள். 1,60,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன. 2014-ல் சட்ட விவகாரக் குழு மறுபடியும் ‘வேண்டாம்’ என்றே பரிந்துரைத்தது. ஆனால் நவம்பர் 28 அன்று முழு அவையும் ஓட்டுப் போட்டபோது 105-க்கு 92 என்று மசோதா தப்பியது. தொடர்புடைய மற்ற சட்டங்களையும் திருத்த வேண்டியிருந்ததால் 2017 மார்ச் 1-ல்தான் அமலுக்கு வந்தது. கையெழுத்து சேர்த்த காலம் 6 மாதம், அதற்கப்புறம் காத்திருந்தது மூன்று வருடத்துக்கும் மேல். உழைப்பைத் திட்டமிடுபவர்கள் இந்த விகிதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மசோதாவை நாங்களே சட்ட மொழியில எழுதணுமா? வக்கீல் வேணுமா?

இத்தாலியில் மசோதாவைப் பிரிவு பிரிவாக எழுதித் தர வேண்டும் என்று அரசமைப்புச் சட்டமே சொல்கிறது. போலந்தில் மசோதாவுடன் காரணங்களையும் செலவு விவரத்தையும் எழுத வேண்டும். பின்லாந்தில் இரண்டு விதம் உண்டு. முழு மசோதாவாகவும் தரலாம், ‘இந்த விஷயத்தில் சட்டம் இயற்றும் வேலையைத் தொடங்குங்கள்’ என்று கேட்டும் தரலாம். இரண்டாவது சுலபம், ஆனால் அதில் ஒரு விலை உண்டு. நாடாளுமன்றம் சம்மதித்தாலும் எழுதப் போவது அரசு. உங்கள் வார்த்தைக்கு அங்கே உத்தரவாதம் கிடையாது.

வக்கீல் இருந்தால் நல்லது. அதைவிட, சட்ட வரைவு எழுதிப் பழகிய ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது. வாதாடுவது ஒரு கலை, சட்டப் பிரிவு எழுதுவது வேறொரு கலை. ‘பொது நூலகங்கள் வாரம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும்’ என்று வைத்துக்கொள்வோம். கேட்க அருமையாக இருக்கிறது. பொது நூலகம் என்றால் எது? பல்கலைக்கழக நூலகமும் சேருமா? வாரம் முழுக்க என்றால் தினம் எத்தனை மணி நேரம்? கூடுதல் ஊழியர் சம்பளம் யார் பொறுப்பு? திறக்காவிட்டால் யார் யாரிடம் முறையிடுவது? என்றிலிருந்து அமல்? எல்லாவற்றுக்கும் முன்னால், நூலகம் தேசிய நாடாளுமன்றத்தின் அதிகாரத்தில் வருகிறதா, உள்ளாட்சியின் கையில் இருக்கிறதா? இதைப் பார்க்காமல் ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்குவது வீண் அலைச்சல்.

என் யோசனை, புதுச் சட்டம் எழுதுவதைவிட இருக்கும் சட்டத்தில் எந்தப் பிரிவை மாற்றினால் போதும் என்று தேடுங்கள். இரண்டு வரித் திருத்தத்தை உறுப்பினர்கள் படிப்பார்கள். நாற்பது பக்கத்தைப் படிக்க மாட்டார்கள். அப்புறம், ஒரு முன்முயற்சியில் ஒரு விஷயம் மட்டும் இருக்கட்டும். சுவிட்சர்லாந்திலும் பின்லாந்திலும் இது விதியாகவே இருக்கிறது.

எதைப் பத்தி வேணும்னாலும் கேட்கலாமா?

முடியாது. ஸ்பெயினில் வரி, வெளிநாட்டு உறவு, மன்னிப்பு வழங்கும் அதிகாரம், அடிப்படை உரிமைகள் போன்றவற்றைத் தொடும் சிறப்புச் சட்டங்கள் ஆகியவற்றில் குடிமக்கள் முன்மொழிய முடியாது. போலந்தில் பட்ஜெட்டைக் கொண்டுவரும் உரிமை அரசுக்கு மட்டும். வரியைக் குறைக்கச் சொன்னால் கையெழுத்து குவிந்துவிடும், செலவுக்கு யார் பதில் சொல்வது என்ற பயமே பெரும்பாலும் இதற்குக் காரணம். நியாயம் இருக்கிறது. ஆனால் விலக்குப் பட்டியல் நீண்டுகொண்டே போனால் உரிமை பெயருக்குத்தான் மிஞ்சும். ஸ்பெயினின் பட்டியல் அளவுக்கு மீறியது என்பது என் கருத்து.

யார் யார் கையெழுத்துப் போடலாம்? வயசு வரம்பு உண்டா?

பொதுவாக வாக்குரிமை உள்ள குடிமக்கள். ஆஸ்திரியாவில் வாக்குரிமை 16 வயதிலேயே வருவதால் 16 வயதினரும் போடலாம். லாத்வியாவில் மேலே சொன்ன பத்தில் ஒரு பங்கு வழியைத் தவிர எளிய வழி ஒன்றும் இருக்கிறது. 16 வயது நிரம்பிய 10,000 குடிமக்கள் கூட்டாக ஒரு கோரிக்கையைக் கொடுத்தால் நாடாளுமன்றம் அதை எடுத்துப் பார்க்க வேண்டும். பள்ளியில் படிக்கும் வயதினருக்கு இப்படி ஒரு கதவு இருப்பதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது.

ஆன்லைன்ல போட்ட கையெழுத்து செல்லுமா? போலி சேர்ந்துட்டா?

பின்லாந்தில் வங்கி அடையாளம் போன்ற உறுதியான முறையில் உள்ளே நுழைந்து இணையத்திலேயே போடலாம். ஒருவருக்கு ஒரு கையெழுத்து, சரிபார்ப்பும் சுலபம். ஆனால் பொதுவான மனுத் தளங்களில் மின்னஞ்சல் முகவரி மட்டும் கொடுத்துச் சேர்த்த பெயர்களை எந்த நாடாளுமன்றமும் இதற்குக் கணக்கில் எடுக்காது. இந்தத் தவறைச் செய்துவிட்டு வருந்துபவர்கள் நிறைய.

காகிதத்தில் சேர்க்கும் இடங்களில் சரிபார்ப்பே பெரிய பாடு. தண்டனை பெற்றவர்கள் தேர்தலில் நிற்பதைத் தடுக்கும் பிரேசிலின் ‘ஃபிச்சா லிம்பா’ சட்டம் 2010-ல் வந்தது. அதற்கு மக்கள் சேர்த்தது 13 லட்சத்துக்கும் மேல். அவ்வளவு கையெழுத்தையும் சரிபார்க்க அவையில் வசதி இல்லாததால், முறைப்படி உறுப்பினர்கள் அதைத் தங்கள் மசோதாவாக ஏற்றுத்தான் முன்னகர்த்தினார்கள். சுவிட்சர்லாந்தில் ஒவ்வொரு கையெழுத்தையும் உள்ளாட்சி அலுவலகம் வாக்காளர் பதிவேட்டுடன் ஒப்பிட்டுச் சான்று தருகிறது. அப்படியிருந்தும், காசு வாங்கிக்கொண்டு சேர்ப்பவர்கள் போலி போட்டதாக 2024-ல் பெரிய புகார் எழுந்தது. கையெழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். எல்லாவற்றையும் முறையாகச் செய்தாலும் ஒரு பகுதி தள்ளுபடி ஆகும். ஆகவே தேவைக்கு மேல் தாராளமாகச் சேர்த்து வையுங்கள்.

நாடாளுமன்றம் கிடப்பில போட்டுட்டா என்ன பண்றது?

இதுதான் இந்த முறையின் மிகப் பெரிய ஓட்டை. இத்தாலியில் சேர்ப்பது சுலபம் என்று முன்பு சொன்னேன் அல்லவா? சேர்த்துக் கொடுத்த மசோதாக்களில் மிகப் பெரும்பாலானவை விவாதத்துக்கே வராமல் தூங்கின. எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற காலக்கெடு அரசமைப்புச் சட்டத்தில் இல்லாததே காரணம். 2017-ல்தான் செனட் தன் விதிகளை மாற்றி, குழுவுக்குக் காலவரம்பு வைத்தது.

போலந்தில் கொடுத்த 3 மாதத்துக்குள் முதல் வாசிப்பு நடக்க வேண்டும். ஆனால் அதன் பிறகு குழுவில் தேங்கிவிடுவது உண்டு. நாடாளுமன்றத்தின் ஆயுள் முடியும்போது என்ன ஆகும் என்பதும் முக்கியம். வழக்கமான மசோதாக்கள் அத்துடன் காலாவதியாகிவிடும். போலந்திலும் ஸ்பெயினிலும் குடிமக்களின் மசோதாவுக்கு மட்டும் விதிவிலக்கு, அது அடுத்த அவைக்குத் தொடர்ந்து போகும். உங்கள் நாட்டில் அந்தப் பாதுகாப்பு இல்லையென்றால், தேர்தலுக்கு ஒரு வருடம் இருக்கும்போது கையெழுத்து வேட்டையைத் தொடங்காதீர்கள்.

உள்ள போனதும் எங்க மசோதாவையே தலைகீழா மாத்திட்டா?

நடந்திருக்கிறது. ஸ்பெயினில் வீட்டுக் கடன் கட்ட முடியாமல் வெளியேற்றப்பட்டவர்களுக்காக ஒரு மசோதா வந்தது. வீட்டைத் திருப்பிக் கொடுத்தால் கடன் முடிந்ததாகக் கருத வேண்டும் என்பது அதன் உயிர். சுமார் 14 லட்சம் கையெழுத்து, அதாவது தேவையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். 2013 பிப்ரவரியில் அவை அதை விவாதத்துக்கு ஏற்றது. பிறகு அரசின் மசோதாவுடன் சேர்த்துக் குழைத்து, அந்த உயிரான பகுதியை எடுத்துவிட்டு நிறைவேற்றியது. அமைப்பாளர்கள் அதைத் தங்கள் சட்டமாக ஏற்கவில்லை. அந்த 14 லட்சம் பேரை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

லாத்வியாவின் ஏற்பாடு இதற்கு நல்ல மருந்து. மசோதாவின் சாரத்தை மாற்றினால் மக்கள் ஓட்டு என்று முன்பே சொன்னேன். வேறு நாடுகளில், அமைப்பாளர்கள் குழுவின் முன் வந்து பேசும் உரிமையையாவது கேட்டுப் பெறலாம். மாறக்கூடாத இரண்டு பிரிவுகள் எவை, விட்டுக்கொடுக்கக் கூடியவை எவை என்று உள்ளே போகும் முன்பே நீங்கள் தீர்மானித்திருக்க வேண்டும்.

பணமோ கட்சியோ பெரிய அமைப்போ இல்லாம இது நடக்குமா?

கஷ்டம், மறைக்க விரும்பவில்லை. பிரேசில் சட்டத்துக்குப் பின்னால் கத்தோலிக்கத் திருச்சபையின் வலைப்பின்னல் இருந்தது. தண்ணீரை மனித உரிமையாக்கக் கேட்ட ஐரோப்பிய முன்முயற்சிக்குப் பின்னால் தொழிற்சங்கங்கள் இருந்தன. ஸ்பெயினில் அவை விவாதத்துக்கு ஏற்றுக்கொண்ட முன்முயற்சிக்குச் செலவில் ஒரு பகுதியை அரசு திருப்பித் தருகிறது. இது எல்லா இடத்திலும் வர வேண்டிய விதி.

ஆனாலும் ஸ்பெயினின் மார் மெனோர் ஏரியைப் பாருங்கள். மாசடைந்து மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்த உப்பு ஏரி அது. அதற்குச் சட்டப்படி ஒரு நபருக்குரிய உரிமை வேண்டும் என்ற யோசனை ஒரு பல்கலைக்கழகச் சட்ட ஆசிரியரிடமிருந்து தொடங்கியது. கொரோனா காலத்திலும் தன்னார்வலர்கள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைச் சேர்த்தார்கள். 2022-ல் அது சட்டமானது. ஓர் இயற்கை அமைப்புக்கு அப்படிப்பட்ட உரிமை ஐரோப்பாவில் கிடைத்தது அதுவே முதல் முறை.

மக்கள் பேரைச் சொல்லி அரசாங்கமே இதைப் பயன்படுத்திக்கிட்டா?

கென்யாவில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம்வரை போனது. அங்கே 10 லட்சம் வாக்காளர்களின் ஆதரவுடன் அரசமைப்புச் சட்டத் திருத்தத்தை மக்கள் முன்மொழியலாம். அதிபரின் முன்னெடுப்பில் தொடங்கிய ஒரு பெரிய திருத்தத் தொகுப்பு அந்த வழியில் வந்தது. மக்களுக்காக வைத்த வழியை அதிபர் பயன்படுத்த முடியாது என்று 2022-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சரியானது என்று நினைக்கிறேன். அதிகாரத்தில் இருப்பவருக்கு மசோதா கொண்டுவர ஏற்கெனவே வழி இருக்கிறது.

பெரும்பான்மை சேர்ந்து சிறுபான்மையினருக்கு எதிரா சட்டம் கேட்டா?

இந்தப் பயம் நியாயமானது. சுவிட்சர்லாந்தில் இந்த வழியில் 1893-ல் ஜெயித்த முதல் முன்முயற்சியே, மயக்கமடையச் செய்யாமல் விலங்குகளை அறுப்பதைத் தடை செய்தது. அது யூத மத வழக்கத்தைக் குறிவைத்தது. 2009-ல் மசூதிகளில் மினார் கட்டுவதற்குத் தடை வந்தது, ஆதரவு 57 சதவீதத்துக்கும் மேல். மக்கள் ஓட்டுக்கு நேராகப் போகும் முறையில் இடையில் நின்று யோசிக்க ஆள் இல்லை.

நாடாளுமன்றம் வழியாகப் போகும் முறையில் ஒரு வடிகட்டி இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்துக்கு ஒத்துவருமா என்று குழு பார்க்கும், எதிர்த்தரப்பு பேச நேரம் கிடைக்கும். 2016-ல் போலந்தில் கருக்கலைப்பை ஏறக்குறைய முழுமையாகத் தடை செய்யும் குடிமக்கள் மசோதா வந்தது. பெண்கள் பெருந்திரளாக வீதிக்கு வந்தார்கள், சில நாட்களில் அவை அதை நிராகரித்தது. அதே ஆண்டில் கட்டுப்பாட்டைத் தளர்த்தக் கேட்ட குடிமக்கள் மசோதாவும் தோற்றது என்பதையும் சொல்ல வேண்டும். வடிகட்டி இரண்டு பக்கமும் வேலை செய்யும்.

எங்க நாட்டுல இப்படி ஒரு வழியே இல்லைன்னா?

அப்போது உறுப்பினர் ஒருவரைப் பிடிப்பதே வழி. அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதாவாக உங்கள் வரைவு உள்ளே போகலாம். வெற்றி அரிது. இந்தியாவில் சுதந்திரத்துக்குப் பிறகு அப்படிச் சட்டமானவை 14 மட்டுமே, கடைசி 1970-ல். ஆனால் ஓட்டில் ஜெயிக்காமலும் ஒரு மசோதா நகர்த்தும். திருநர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை 2015-ல் மாநிலங்களவை நிறைவேற்றியது. மக்களவையில் அது சட்டமாகவில்லை. ஆனால் அதன் பிறகு அரசே மசோதா கொண்டுவர, 2019-ல் ஒரு சட்டம் வந்தது. இரண்டும் ஒன்றல்ல, நிறைய வேறுபாடு உண்டு. இருந்தாலும் பேச்சைத் தொடங்கி வைத்தது முதல் மசோதா.

ஐரோப்பிய ஒன்றியத்தின் முறையும் சுற்றுவழிதான். குறைந்தது 7 நாடுகளில் தேவையான அளவு ஆதரவுடன் ஓராண்டில் 10 லட்சம் கையெழுத்து சேர்த்தால், அது சட்டம் முன்மொழியும் அதிகாரமுள்ள ஆணையத்திடம் போகிறது. ஆணையம் மறுக்கலாம், காரணம் சொல்ல வேண்டும். மேலே சொன்ன தண்ணீர் முன்முயற்சி அப்படிப் போனதுதான். கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. ஆனால் 2020-ல் திருத்தப்பட்ட குடிநீர்ச் சட்டத்தில், எல்லோருக்கும் தண்ணீர் எட்டச் செய்யும் கடமை சேர்ந்தது.

ஒருமுறை தோத்துட்டா மறுபடி கொண்டுவரலாமா?

பெரும்பாலான நாடுகளில் கொண்டுவரலாம், சில இடங்களில் இடைவெளி விட வேண்டும். ஆனால் அதே காகிதத்தைத் திரும்ப எடுத்துப் போகாதீர்கள். குழு எழுதிய அறிக்கையை வரி வரியாகப் படியுங்கள். ‘செலவு தெளிவாக இல்லை’, ‘இன்ன சட்டத்துடன் மோதுகிறது’ என்று அவர்கள் சொன்ன ஒவ்வொரு காரணத்துக்கும் புதிய வரைவில் ஒரு பதில் இருக்க வேண்டும். யார் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்ற பட்டியலையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்தவர்களில் தயங்கிப் பேசியவர்கள் யார் என்று அவைக் குறிப்பில் தெரியும். அடுத்த முறை முதலில் போய்ப் பார்க்க வேண்டியது அவர்களைத்தான்.